மூன்றாவது சிலிண்டரின் காலைப் பழக்கம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடம். திருக்கோகர்ணத்தில் எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்ற வெள்ளைக் காரில் முதலில் கண்ணில் பட்டது ஒரு பச்சை மஃப்ளர். மார்கழிப் பனிக்குப் பயந்து காதோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அதற்குள் இருந்த மனிதர் வண்டி முழுதாக நிற்பதற்கு முன்பே இறங்கி வந்து, ஒரு துணிப்பையை என் மேசையில் வைத்தார்.

"வண்டில மிஸ்ஸிங் இருக்குங்க. சரி பண்ண முடியாதுங்க. முடியாதுன்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நாங்க பாட்டுக்குக் கெளம்பிருவோம்" என்றார்.

பைக்குள் நான்கு பிளக்குகளும் இரண்டு காயில்களும் ஒரு ஏர் ஃபில்டரும் இருந்தன. இதற்கு முன் பார்த்த இரண்டு பட்டறைகளில் கழற்றிப் போட்டவை. வெளியே எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. புதுத் தையல் மெஷின் போல ஒரே சீராக ஓடியது. மிஸ்ஸிங் எதுவும் இல்லை.

வண்டி பழகாதவர்களுக்காக ஒரு வரி. எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் இருந்தால், நான்கிலும் பெட்ரோல் முறைவைத்து எரிய வேண்டும். பெட்ரோலைப் பீய்ச்சுவது இன்ஜெக்டர், பொறி வைப்பது காயிலும் பிளக்கும். ஒன்று மட்டும் அவ்வப்போது எரியாமல் விட்டுவிடுவதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம். நான்கு பேர் தூக்கும் சப்பரத்தில் ஒருவர் இடையிடையே தோளை எடுத்துக்கொண்டால் சாமி எப்படிக் குலுங்குமோ, வண்டி அப்படிக் குலுங்கும்.

இதெல்லாம் நான் வேலையில் இருந்தபோது நடந்தது. இப்போது ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. பட்டறையின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை. போன வாரம் அதில் ஒரு படம் வந்தது. வண்டியின் கோளாறைச் சொல்லும் ஸ்கேனர் இப்போது செல்போனுக்குள்ளேயே வந்துவிட்டது. திரையில் 'மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர்' என்று இருந்தது. கீழே கேள்வி: "அண்ணே, காயில் மாத்தவா, இன்ஜெக்டர் மாத்தவா?" பதில் எழுத உட்கார்ந்தேன். குழுவில் போட முடியாத நீளத்துக்குப் போய்விட்டது.

ஸ்கேனர்மீது எனக்கு ஒரு புகாரும் கிடையாது. எந்த வீட்டில் சண்டை என்று அது சரியாகச் சொல்லும். யார் ஆரம்பித்தது என்று சொல்லாது. அவ்வளவுதான்.

ஐ.டி.ஐ. முடித்து லாரிப் பட்டறையில் நான்கு வருடம், டிராக்டர் பட்டறையில் இரண்டு வருடம் இருந்தேன். சுத்தியல் எங்கெல்லாம் உதவாது என்பதை அந்த ஆறு வருடத்தில் கற்றேன். பிறகு இந்தக் கார் பட்டறை. முப்பத்தொரு வருடம். மேலாளர் தர்மலிங்கம்.

தர்மலிங்கம் சார் கோபப்பட்டால் மரியாதை கூடும். சாதாரணமாக "ராசு" என்பார். கொஞ்சம் எரிச்சல் என்றால் "ராசு, வாங்க". நல்ல கோபம் என்றால் "ராசு அவர்களே, தாங்கள் இங்கே வர வேண்டும்". 'தாங்கள்' காதில் விழுந்தால் பட்டறையில் ஸ்பானர் சத்தம் நின்றுவிடும். சந்தோஷமாக இருக்கும்போது மட்டும் 'டா' போடுவார். என் காலத்தில் நான் மூன்று தடவை வாங்கியிருக்கிறேன். இந்த வண்டி வந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. முதலாளி விடமாட்டேன் என்கிறார் என்று அவர் சொல்வார். அவர் போகமாட்டேன் என்கிறார் என்று முதலாளி சொல்வார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு அம்பாசிடர் மிஸ்ஸிங்கோடு வந்தது. நான் பிளக்கை மாற்றினேன், பாயிண்டை மாற்றினேன், கடைசியில் கார்புரேட்டரையே மாற்றினேன். நான்கு கிலோமீட்டர் ஓடும், திணறும், நிற்கும். தர்மலிங்கம் சார் வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினார். உள்ளே 'உஸ்' என்று காற்று இழுத்தது. மூடியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை உண்டு, அது அடைத்தால் பெட்ரோல் இறங்காது. அதற்கு முந்தின வாரம் வண்டிக்குப் பெயிண்ட் அடித்தவர், மிக நல்ல மனிதர், ஓட்டைக்கும் சேர்த்து அடித்திருந்தார். சார் ஒரு குண்டூசியால் குத்தினார். "ராசு அவர்களே, தாங்கள் மாற்றிய பாகங்களைத் திரும்ப மாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்றார்.

மறுநாள் ஸ்டோர் கவுண்டரில் ஒரு சீட்டுக் கட்டு வந்துவிட்டது. புதுப் பாகம் வேண்டுமானால் சீட்டில் பாகத்தின் பெயரும் பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும். காரணம் இல்லாமல் பாகம் இல்லை. முதல் மாதத்தில் வந்த காரணங்களில் சில எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன: 'சந்தேகம்.' 'கஸ்டமர் ஆசைப்படுகிறார்.' 'எதற்கும் இருக்கட்டும்.' ஒருவர் 'பழசாகிவிட்டது' என்று எழுதினார். அதன் கீழே சார் சிவப்பு மையில் 'நானும்தான்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

வெள்ளைக் காருக்கு வருகிறேன். மஃப்ளர் கட்டியவர் பெயர் முத்துக்கருப்பன், இலுப்பூரில் உரக்கடை. வண்டிக்குச் சொந்தக்காரர் அவருடைய தம்பி சரவணன், துபாயில் வேலை. லீவு முடிந்து வெள்ளிக்கிழமை திருச்சியில் விமானம் ஏறுகிறார். வண்டியைத் தினமும் ஓட்டுவது சரவணனின் மனைவி கவிதா. கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் வாங்கி, பதினொரு மாதமாக ஓட்டுகிறார். அவர்கள் தெருவில் கார் ஓட்டும் முதல் பெண் அவர்தான்.

மூவரும் வந்திருந்தார்கள். அண்ணனின் ஏற்பாடு என்னவென்றால், வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் வண்டி சரியாகவில்லை என்றால் அதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வது. பெயர் மாற்றும் படிவம் சட்டைப் பையில் தயாராக இருந்தது. நடுரோட்டில் ஒரு பெண் தனியாக நிற்கலாமா என்பது அவர் வாதம். தம்பி சரி என்று சொல்லிவிட்டார். கவிதாவை யாரும் கேட்கவில்லை.

அண்ணனும் தம்பியும் டீ குடிக்கப் போனபோது கவிதா என் மேசைக்கு வந்தார்.

"சார், இது போச்சுன்னா நான் மறுபடி ஆறு மணி பஸ்ஸுக்கு நிக்கணும். அது பாதி நாள் நிக்காமப் போயிரும். வீட்டுக்காரரோட அண்ணன், எங்க அத்தான், ஆட்டோ ஏற்பாடு பண்றேங்குறாங்க. ஆட்டோக்காரர் அவங்க கடையிலதான் சாக்கு தூக்குறாரு. கடையில லோடு வந்தா எனக்குப் பள்ளிக்கூடம் கெடையாது."

தர்மலிங்கம் சார் மூன்று பேரிடமும் தனித்தனியாக மூன்று கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டார். எப்போது? எங்கே? யார் ஓட்டும்போது?

கவிதா: காலையில். வீட்டிலிருந்து முதல் ஐந்து கிலோமீட்டர். பிறகு சரியாகிவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் இல்லை.

சரவணன்: நான் ஓட்டும்போது ஒரு தடவைகூட இல்லை. (லீவில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று சார் துணைக் கேள்வி கேட்டார். பத்து, பத்தரை.)

முத்துக்கருப்பன்: எப்போதும். எல்லா இடத்திலும். யார் ஓட்டினாலும். (வண்டியில் எத்தனை தடவை போயிருக்கிறீர்கள்? இரண்டு.)

சார் முதல் தாளை மட்டும் வைத்துக்கொண்டார். வண்டி ஒரு இரவு முழுக்க வெளியில் பனியில் நிற்கட்டும், காலையில் பார்க்கலாம் என்றார். இலுப்பூரிலிருந்து இங்கே வருவதற்குள் எஞ்சின் நன்றாகச் சூடேறிவிடுகிறது. நோயாளி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் குணமாகிவிடுகிற மாதிரி.

அன்று பகலில் பானட்டைத் திறந்து பார்த்தேன். பேட்டரி சரி. ஆயில் சரி. நான்கு காயில்களில் இரண்டு புதியவை. பையில் வந்த பழைய காயில்களையும் பிளக்குகளையும் வேறொரு வண்டியில் மாட்டிப் பார்த்தேன். எல்லாம் நன்றாக வேலை செய்தன. நல்ல பாகங்களை எடுத்துவிட்டு நல்ல பாகங்களைப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது சிலிண்டருக்கு நேர் மேலே, ஒயர்க் கட்டின் மேல், கறுப்புத் துணியில் எலுமிச்சை அளவுக்கு ஒரு மூட்டை கறுப்புக் கயிற்றால் கட்டியிருந்தது. திருஷ்டிக்குக் கட்டியது. எங்களிடம் வருகிற வண்டிகளில் பாதியில் இப்படி ஏதாவது இருக்கும். பட்டறையில் எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. அதைத் தொடுவதில்லை. தொட நேர்ந்தால் மெதுவாகத் தள்ளிவைத்து, வேலை முடிந்ததும் இருந்தபடியே வைத்துவிடுவது. நானும் அப்படியே செய்தேன்.

புதன்கிழமை காலை ஆறே முக்காலுக்கு நானும், ஸ்கேனர் பார்க்கும் ரமேஷும் வந்தோம். வண்டியின் மேல் விரலால் பேர் எழுதலாம் போலப் பனி. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் குலுங்கியது. அந்தக் குலுக்கலைப் பார்த்து ரமேஷ் சிரித்தார், நானும் சிரித்தேன். காணாமல் போனவர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

ஸ்கேனர் மூன்றாவது சிலிண்டர் என்றது. மூன்றாவது காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டினேன். முதலாவதை மூன்றில் மாட்டினேன். காயில் கெட்டிருந்தால் கோளாறு அதோடு சேர்ந்து முதல் சிலிண்டருக்குக் குடிபோக வேண்டும். போகவில்லை. மூன்றிலேயே இருந்தது. பிளக்குகளையும் அதே மாதிரி இடம் மாற்றினேன். மூன்றிலேயே இருந்தது. அதற்குள் எஞ்சின் சூடாகி, மிஸ்ஸிங் நின்றுபோனது. நாளைக்குக் காலைவரை அது வராது. பகலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பார்த்தோம். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை.

ரமேஷ் ஸ்டோருக்குச் சீட்டு எழுதினார். பாகம்: இன்ஜெக்டர். காரணம்: 'மிச்சம் இருப்பது அதுதான்.'

சார் சீட்டைப் படித்துவிட்டு, "ரமேஷ் அவர்களே, தங்கள் வீட்டில் திருடு போனால், தெருவில் விசாரிக்காமல் மிச்சம் இருக்கிறவரைப் பிடித்துக் கட்டிவைப்பீர்களா?" என்றார். ரமேஷ் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் முத்துக்கருப்பன் போன் செய்தார். சரியாகவில்லைதானே என்று கேட்டார். இல்லை என்றேன். குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் அளவாக இருந்தது.

வியாழன் காலை ஆறரை. இன்றைக்கு விட்டால் மறுபடி பனி பிடிக்கும்போது வண்டி வேறு பெயரில் இருக்கும். எஞ்சின் குலுங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்த ஒரு சோதனையைச் செய்தேன். எஞ்சின் ஓடும்போது ஒயர்க் கட்டை விரலால் லேசாக அங்கிட்டும் இங்கிட்டும் அசைத்துப் பார்ப்பது. முதல் சிலிண்டரில் மாற்றம் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதுக்கு விரல் போக வேண்டுமென்றால் மூட்டையை அழுத்தாமல் போக முடியாது. அழுத்தினேன். எஞ்சின் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. கையை எடுத்தேன். விரல் நனைந்திருந்தது.

பானட்டுக்குள் வேறெங்கும் ஈரம் இல்லை. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன். எஞ்சினில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. முப்பத்தொரு வருடத்தில் நான் வைத்தது அந்த ஒரு தடவைதான். உப்பு.

மூட்டையை அவிழ்க்க வேண்டும். ரமேஷைப் பார்த்தேன். அவர் இரண்டு அடி பின்னால் போயிருந்தார்.

"அண்ணே, நான் மாலை போட்டுருக்கேன். என்னையத் தொடச் சொல்லாதீங்க."

நானும் தொடவில்லை. சார் ஏழு மணிக்கு வந்தார். பார்த்தார். "ராசு அவர்களே, தாங்கள் இரண்டு நாளாக இதைத் தள்ளித் தள்ளி வைத்து வேலை பார்த்திருக்கிறீர்கள்" என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு நொடி கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, கட்டிங் பிளேயரால் கயிற்றை வெட்டினார். துணிக்குள் கல் உப்பு, படிகாரம், ஒரு கரித்துண்டு. உப்பு ராத்திரிப் பனியை உறிஞ்சி, சேறு போல இருந்தது.

மூட்டையிலிருந்து கசிந்த உப்புத் தண்ணீர் ஒயர் வழியாக இறங்கி, காயிலில் ஒயரை மாட்டும் பிளாஸ்டிக் கப்ளரின் பின்பக்கமாக உள்ளே போயிருந்தது. ஒயர் நுழைகிற ரப்பர் வெடித்திருந்தது. உள்ளே தகடு பச்சை பூத்திருந்தது. காலையில் ஈரம், அதனால் மிஸ்ஸிங். எஞ்சின் சூட்டில் ஈரம் காய்ந்ததும் வண்டி சரி. புதன்கிழமை காயிலைக் கழற்றியபோது அதே கப்ளரைக் கையில் பிடித்திருந்தேன். அதன் வாயைப் பார்த்தேன், முதுகைப் பார்க்கவில்லை.

சார் அப்போதும் புதுக் கப்ளர் தரவில்லை. நிரூபிக்கச் சொன்னார். கப்ளரைக் கழுவி, காற்றடித்துக் காயவைத்து மாட்டினேன். எஞ்சின் சீராக ஓடியது. ஒரு டம்ளரில் உப்புக் கரைத்து, கப்ளரின் முதுகில் இரண்டு சொட்டு விட்டேன். குலுங்கியது. துடைத்துக் காயவைத்தேன். நின்றது. மூன்று தடவை விட்டு, மூன்று தடவை துடைத்தேன். அதற்குப் பிறகுதான் சீட்டு எழுதினேன். பாகம்: கப்ளர், ஒன்று. காரணம்: 'உப்பு நீரால் அரிப்பு. ஈரமானால் மிஸ்ஸிங், காய்ந்தால் இல்லை. மூன்று முறை சோதிக்கப்பட்டது.'

சார் படித்தார். "போய் எடுத்துக்கடா" என்றார்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மூவரும் வந்தார்கள். முத்துக்கருப்பன் படிவத்தோடு ஒரு பேனாவையும் கொண்டுவந்திருந்தார். வேலை அட்டையை வாடிக்கையாளர் முன்னால் வாய்விட்டுப் படிப்பது எங்கள் பட்டறை வழக்கம். சார் படித்தார். மூன்றாவது காயில் கப்ளரில் உப்பு. கப்ளர் மாற்றப்பட்டது. வேறு பாகம் எதுவும் மாற்றப்படவில்லை.

"உப்பா?" என்றார் முத்துக்கருப்பன். "உப்பு எங்கிட்டிருந்துங்க வரும்? இலுப்பூர்ல கடலா இருக்கு?"

சார் மேசை இழுப்பறையைத் திறந்து, கறுப்புத் துணி மூட்டையை ஒரு காகிதத்தில் வைத்து மேசை நடுவில் வைத்தார். யாரும் அதைத் தொடவில்லை.

"இத யாரு கட்டுனது?" என்று அண்ணன் கேட்டார். கவிதாவைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்கத்தான். நீங்க கட்டுனதுன்னுல்ல நெனச்சேன். அதான் பேசாம விட்டுட்டேன்."

"நான் கட்டலயே ஆத்தா. எனக்கு எதுக்கு?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பட்டறைக்காரன் கட்டியிருப்பான் என்று ஒரு கணம் நினைத்திருக்கலாம். சரவணன் மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை அணைந்திருந்தது.

"உப்பு கொஞ்சமாத்தான் வச்சேன்" என்றார்.

திருஷ்டிக் கயிறு கட்டுகிறவர்களைக் கேலி செய்து முந்தாநாள்தான் எங்கள் வாசலில் ஐந்து நிமிடம் பேசியவர் அவர். வண்டி வாங்கிய லீவில், துபாய்க்குக் கிளம்புவதற்கு முதல் நாள், யாரிடமோ கேட்டுச் செய்து கட்டியிருக்கிறார்.

"முன்னாடி கட்டுனா இவ கழட்டிப் போட்டுருவா. அதான் உள்ள கட்டுனேன்" என்று எங்களுக்குச் சொன்னார். பிறகு குரலைத் தணித்து, "தெருவுல வண்டி ஓட்டுற பொம்பள இவ ஒருத்திதான். எல்லாரு கண்ணும் இவ மேலதான் இருக்கும். நான் அங்க இருக்கேன்" என்றார்.

கவிதா அவர் பக்கம் திரும்பினார். "பதினோரு மாசமா இத சொமந்துகிட்டா நான் ஓட்டுனேன்?" என்று கேட்டார்.

"ஏன்டா, செவ்வாக்கெழம இவுங்க கேள்வி கேட்டப்ப இங்கனயேதான இருந்த. வாயத் தொறந்து சொன்னா என்னடா?" என்றார் அண்ணன்.

"யாரும் கேக்கலயேண்ணே."

அது உண்மை. மூன்று கேள்விகளில் அது இல்லை. தர்மலிங்கம் சார் என்னைப் பார்த்தார், நான் ரமேஷைப் பார்த்தேன், ரமேஷ் சுவரைப் பார்த்தார்.

முத்துக்கருப்பன் விடவில்லை. நாளைக்குக் காலையில் திரும்ப வந்துவிட்டால் என்ன செய்வது, தம்பி விமானத்தில் இருப்பானே என்றார். சார் அதற்கு, வெள்ளிக்கிழமை காலையில் அவரே நேரில் வந்து பனியில் நின்ற வண்டியைச் சொந்தக் கையால் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம், குலுங்கினால் படிவத்தில் முதல் சாட்சிக் கையெழுத்து தன்னுடையது என்றார். எத்தனை மணிக்கு என்று முத்துக்கருப்பன் கேட்டார். ஆறரைக்கு என்றார் சார். முத்துக்கருப்பன் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அவ்வளவு காலையில எதுக்குங்க" என்றார்.

சார் சாவியைச் சரவணனிடம் கொடுத்திருந்தார். கவிதா அதற்காகக் கையை நீட்டினார். நீட்டியது என்னிடம் இல்லை, கணவரிடம். சரவணன் சாவியைப் பையிலிருந்து எடுத்து, ஒரு தடவை அண்ணனைப் பார்த்துவிட்டு, கொடுத்தார்.

வண்டி ஐந்து நாற்பதுக்கு வாசலைத் தாண்டியது. கவிதா ஓட்டினார். சரவணன் முன்னால் உட்கார்ந்திருந்தார். முத்துக்கருப்பன் பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார்.